ஒடிசி காவியமும் குடும்ப ஆலோசனையும்: எதை வாசிப்பது, எங்கே நிறுத்துவது?

கரைவலை:

வணக்கம் நண்பர்களே. குடும்ப ஆலோசனைத் துறையில் வேலை பார்க்கிறேன். பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காவியங்களான இலியட்டையும் ஒடிசியையும் ஆலோசனை அறைக்குள் கொண்டுவருவது பற்றிப் பேச இந்த இழையைத் தொடங்குகிறேன்.

போர்வீரர்கள் விஷயத்தில் இது புதிதல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில், முன்னாள் படைவீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜானதன் ஷே, வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் சொன்னதையும் டிராய் நகரத்துப் போரைப் பாடும் இலியட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்து 1994-இல் ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் போர் முடிந்து ஒடிசியஸ் என்ற அரசன் வீடு திரும்பும் ஒடிசியை வைத்து 2002-இல் இன்னொன்று. முதலாவது, போர்க்களத்தில் ஒரு மனிதன் எப்படி உடைகிறான் என்பது. இரண்டாவது, வீடு திரும்புவது ஏன் அவ்வளவு கஷ்டம் என்பது.

எனக்கு அக்கறை வீட்டில் இருந்தவர்கள் மேல். ஒடிசியில் 24 காண்டங்கள். முதல் நான்கில் ஒடிசியஸ் நேரில் வருவதே இல்லை. அப்பா போய் இருபது வருஷம் ஆன ஒரு வீடுதான் வருகிறது. கைக்குழந்தையாக விட்டுப்போன மகன் டெலிமாக்கஸ் வளர்ந்து இளைஞனாகிவிட்டான். மனைவி பெனலப்பியைக் கட்டிக்கொள்ள 108 பேர் வந்து உட்கார்ந்து ஆடுமாடுகளை அடித்துத் தின்கிறார்கள். தாத்தா லேயர்ட்டிஸ் ஊருக்கு வெளியே தோட்டத்தில் கந்தல் உடுத்திக் கிடக்கிறார். பாட்டி மகனை நினைத்து ஏங்கியே செத்துப் போயிருக்கிறாள். நாங்கள் முதல் அமர்வில் மூன்று தலைமுறையை வரைந்து பார்ப்போம். ஹோமர் அதைச் செய்துவிட்டுத்தான் நாயகனையே காட்டுகிறார்.

இந்தக் கதையிலிருந்து எடுத்துச் சொல்ல நீதி எதுவும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஒரு காட்சியை வாசிக்க வேண்டும். பிறகு, "இந்த வீட்டில் யார் யாரிடம் எதைக் கேட்காமல் இருக்கிறார்கள்?" என்று கேட்டால் போதும். தன் வீட்டைப் பற்றி வாய் திறக்காத அப்பா, ஒடிசியஸின் ஊரான இதாக்காவில் உள்ள அந்த வீட்டைப் பற்றித் தாராளமாகப் பேசுவார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பேச்சு தன் வீட்டுக்கே வந்து சேரும். எந்தெந்தக் காட்சி இதற்கு உதவும், எது ஆபத்து என்று சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி:

நல்ல இழை. இந்தக் கேள்விக்குக் காவியத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. கதை கேட்பதால் மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்பதை ஹோமர் இரண்டு இடத்தில் காட்டுகிறார்.

முதல் காண்டத்தில், ஃபெமியஸ் என்ற பாணன் இதாக்கா அரண்மனையில் பாடுகிறான். டிராய் போரிலிருந்து கிரேக்கர்கள் பட்ட பாட்டோடு திரும்பிய கதை. மாடியிலிருந்து பெனலப்பி இறங்கி வந்து, இந்தப் பாட்டு என் நெஞ்சை அறுக்கிறது, வேறு எதையாவது பாடு என்கிறாள். மகன் குறுக்கிடுகிறான். பாணன் மேல் என்ன தப்பு, கேட்டுப் பழகிக்கொள், உன் அறைக்குப் போய்த் தறி வேலையைப் பார், இந்த வீட்டில் அதிகாரம் என்னுடையது என்கிறான். அவள் திகைத்துப்போய் மேலே ஏறிப் போய் அழுகிறாள். ஒரே இழப்புதான். அம்மாவுக்கு அந்தக் கதை காதில் விழவே கூடாது. மகனுக்கு அது வேண்டும், ஏனென்றால் அப்பாவைப் பற்றி அவனுக்குக் கிடைப்பதே கதை மட்டும்தான்.

இரண்டாவது இடம் எட்டாம் காண்டம். ஃபேயாக்கியர் நாட்டில் யாரென்று தெரியாத விருந்தாளியாக ஒடிசியஸ் உட்கார்ந்திருக்கிறான். பார்வையற்ற பாணன் டெமொடோக்கஸ் டிராய்க் கதையைப் பாட, இவன் மேலாடையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான். அப்புறம் அவனே, கிரேக்கர்கள் மரக்குதிரைக்குள் ஒளிந்து டிராயைப் பிடித்த கதையைப் பாடச் சொல்லிக் கேட்கிறான்! பாடியதும் உடைந்துபோகிறான். போரில் செத்த கணவன் உடல் மேல் விழுந்து கதறும் பெண்ணைப் போல அழுதான் என்கிறார் ஹோமர். நகரங்களை அழித்த வீரனுக்கு, அழிந்த நகரத்துப் பெண்ணை உவமையாகச் சொல்கிறார்.

அடுத்து நடப்பதைத்தான் ஆலோசகர்கள் கவனிக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அரசன் அல்கினூஸ் ஒருவன்தான் அந்த அழுகையைக் கவனிக்கிறான். பாட்டை நிறுத்தச் சொல்கிறான். உன் பேர் என்ன, எந்த ஊர், ஏன் அழுகிறாய் என்று கேட்கிறான். அதற்குப் பிறகுதான் ஒடிசியஸ் தன் பேரைச் சொல்லி, நான்கு காண்டம் நீளத்துக்குத் தன் கதையைத் தானே சொல்கிறான். அடுத்தவர் வாயால் தன் கதையைக் கேட்டான், அழுதான், ஒருவர் கவனித்து நிறுத்திக் கேட்டார், அவன் பேசினான். இதாக்காவில் பெனலப்பி அழுதபோது அப்படிக் கேட்க ஆளில்லை.

நித்யா_மதுரை:

ஐயா, அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை, நன்றி. ஆனால் ஒரு அடிப்படைக் கேள்வி. நம் குடும்பங்களுக்கு எதற்குக் கிரேக்கக் கதை? ராமாயணமும் பாரதமும் எல்லோருக்கும் தெரியும். வனபர்வத்தில் தருமன் நொந்துபோய் இருக்கும்போது பிருகதசுவ முனிவர் நளன் கதையைத்தானே ஆறுதலாகச் சொல்கிறார்?

கரைவலை:

நித்யா, தெரிந்த கதை என்பதே சில நேரம் தடை. சீதை பேரை எடுத்ததுமே மாமியார் ஒரு கட்சி, மருமகள் ஒரு கட்சி. யார் செய்தது சரி என்று சின்ன வயதிலிருந்து கேட்டு முடிவுகட்டி வைத்திருப்பார்கள். கூடவே பக்தியும் இருக்கிறது, அதை ஆலோசனை அறையில் நான் தொட விரும்பமாட்டேன். பெனலப்பி விஷயத்தில் யாருக்கும் முன்கூட்டியே கட்சி கிடையாது. லேயர்ட்டிஸின் சவச்சீலையை நெய்து முடித்ததும் கல்யாணம் என்று சொல்லிவிட்டு, பகலில் நெய்ததை இரவில் பிரித்து, மூன்று வருஷம் ஏமாற்றினாள் என்று சொன்னால், "ஏன் நேரடியாக மாட்டேன் என்று சொல்லவில்லை?" என்று ஒருவர் கேட்பார், "சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா?" என்று இன்னொருவர் கேட்பார். அந்த இரண்டு பேரும் கணவன் மனைவியாக இருந்தால் எனக்கு அங்கேயே வேலை தொடங்கிவிட்டது.

ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட், நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டன் இருவரும் வளர்த்தெடுத்த கதைவழிச் சிகிச்சை தெரிந்திருக்கும். அவர்களுடைய முக்கியமான புத்தகம் 1990-இல் வந்தது. ஆள் பிரச்சினை அல்ல, பிரச்சினைதான் பிரச்சினை என்பது வைட்டின் அடிப்படை. பிரச்சினையை ஆளிடமிருந்து பிரித்து வெளியே வைத்துப் பார்க்க, தூரத்துக் கதை வசதியாக இருக்கிறது.

பொன்னி:

தம்பதிகளுக்கு நான்காம் காண்டத்தைச் சிபாரிசு செய்வேன். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

டெலிமாக்கஸ் அப்பாவைப் பற்றி விசாரிக்க ஸ்பார்ட்டாவுக்குப் போகிறான். ஹெலன் மறுபடி மெனலாஸோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறாள். எந்தப் பெண்ணால் பத்து வருஷப் போர் நடந்ததோ அதே பெண், அதே கணவன், அதே வீடு. பேச்சு செத்தவர்களைப் பற்றித் திரும்பி எல்லோரும் அழத் தொடங்கியதும் ஹெலன் திராட்சை மதுவில் ஒரு மருந்தைக் கலக்கிறாள். அதைக் குடித்தவன், கண்ணெதிரே அம்மா அப்பா செத்தாலும் அன்றைக்குக் கண்ணீர் விடமாட்டான்.

மருந்து உள்ளே போன பிறகு இருவரும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஹெலன்: ஒடிசியஸ் பிச்சைக்காரன் வேஷத்தில் டிராய்க்குள் வந்தபோது நான் மட்டும் அடையாளம் கண்டேன், காட்டிக்கொடுக்கவில்லை, என் மனசு அப்போதே வீட்டுக்குத் திரும்பிவிட்டிருந்தது. மெனலாஸ்: அருமையாகச் சொன்னாய் மனைவியே. நாங்கள் மரக்குதிரைக்குள் ஒளிந்திருந்தபோது நீ மூன்று முறை சுற்றி வந்து எங்கள் மனைவிமார் குரலில் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாய், ஒடிசியஸ் தடுத்திருக்காவிட்டால் பதில் குரல் கொடுத்துச் செத்திருப்போம்.

சண்டை போடவில்லை. குரல் உயரவில்லை. விருந்தாளி முன்னால் ஒருவர் கதையை இன்னொருவர் கதை அடித்துப்போடுகிறது. பிறகு எல்லோரும் படுக்கப் போகிறார்கள். துரோகம் நடந்து, "பிள்ளைகளுக்காக" சேர்ந்து வாழும் எத்தனை வீடு இப்படி இருக்கிறது! வலி தெரியாமல் இருக்க எதையாவது குடித்துக்கொண்டு, கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் சிரித்துக்கொண்டே ஒருவரை ஒருவர் குத்துகிறவர்கள். அவர்களிடம் இந்தக் காட்சியைக் கொடுத்து, "மருந்து இல்லாமல் இதே கதைகளைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரே 23-ஆம் காண்டம். கட்டில் ரகசியத்தை வைத்துப் பெனலப்பி கணவனைச் சோதித்து ஏற்றுக்கொண்ட பிறகு, விடியலைத் தெய்வமான ஏதீனா தள்ளிப்போடுகிறாள். இரண்டு பேரும் பேசுகிறார்கள். வீட்டுக்குள் தான் பட்டதை முதலில் சொல்வது பெனலப்பி. அப்புறம்தான் அவன் கடல் கதை. வழியில் தான் தங்கியிருந்த கலிப்ஸோ, கிர்க்கி என்ற பெண்களின் பேரையெல்லாம் மறைக்காமல் சொல்கிறான். போனவர் கதையைக் கேட்க எல்லோரும் கூடுவார்கள், வீட்டிலேயே இருந்தவளின் கதையைக் கேட்பவர் குறைவு. இந்த வரிசை எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது.

வன்னிக்காற்று:

எல்லாரும் எழுதியதை வாசித்தேன். நான் கிளிநொச்சிப் பக்கம் உளவளத்துணை வேலை செய்கிறேன். ஒரு கடுமையான ஆட்சேபம் எனக்கு உண்டு.

ஒடிசியஸ் திரும்பி வாறான். முழுக் கதையும் அந்த வருகைக்காகத்தான் இருக்கிறது. போர் முடிந்த காலத்தில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையையும் புருஷனையும் தேடி, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் தொடர் போராட்டத்துக்கு இருந்த அம்மாமாரை எனக்குத் தெரியும். திரும்பி வராமலே, பதிலும் கிடைக்காமலே அவர்களில் பலர் இறந்துவிட்டார்கள். அப்படி ஒரு பெண்ணிடம், இருபது வருஷம் பொறுமையாகக் காத்திருந்தாள், ஒருநாள் வந்தான் என்று கதை சொல்ல எனக்கு நா எழாது. வரவில்லை என்றால் அவள் காத்திருந்த விதத்தில் ஏதோ குறை என்று ஆகிவிடும். "பத்தினியாக இரு, வருவான்" என்று ஊர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு ஹோமரையும் சாட்சிக்குக் கூப்பிட வேண்டுமா?

கரைவலை:

வன்னிக்காற்று, இந்த ஆட்சேபத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். முடிவைச் சொல்லக்கூடாது. ஆனால் முதல் காண்டத்தில் டெலிமாக்கஸ் பேசுகிற ஒரு பகுதியைப் பாருங்கள். வந்திருப்பது ஏதீனா என்று தெரியாமல் விருந்தாளியிடம் மனசு திறக்கிறான். அப்பா டிராயில் செத்திருந்தால்கூட நான் இவ்வளவு நோகமாட்டேன், சமாதி எழுப்பியிருப்பார்கள், இப்போது அவர் இருக்கும் இடமும் தெரியவில்லை, அவரைப் பற்றிச் சேதியும் இல்லை என்கிறான்.

பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் இதே நிலையைத்தான் ஆராய்ந்தார். வியட்நாம் போரில் காணாமல் போன படைவீரர்களின் குடும்பங்களோடு வேலை செய்து, தெளிவில்லாத இழப்பு என்ற கருத்தை வளர்த்தார். 1999-இல் அது பற்றி அவருடைய புத்தகம் வந்தது. உடல் கிடைக்காததால் துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. உறவினர்கள் இரண்டாகப் பிரிவார்கள்: இருக்கிறான் என்பவர்கள், போய்விட்டான் என்பவர்கள். அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி வற்புறுத்தாமல், இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாழக் குடும்பத்துக்குத் துணை நிற்பதுதான் பாஸ் சொல்லும் வழி.

ஏதீனாவும் டெலிமாக்கஸிடம், அப்பா வருவார் என்று நம்பி உட்கார்ந்திரு என்று மட்டும் சொல்லி விடவில்லை. போய் விசாரி. உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தால் இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கொள். இல்லை என்று தெரிந்தால் திரும்பி வந்து சமாதி எழுப்பு, செய்ய வேண்டிய சடங்கைச் செய், அம்மாவை மறுமணம் செய்து கொடு. இரண்டு வழியையும் அவன் முன்னால் வைக்கிறாள்.

வன்னிக்காற்று:

அந்த இடம் வேறுதான். உடல் இல்லை, சமாதி இல்லை, சேதி இல்லை. எங்களிடம் அது சட்டத்திலும் வந்தது: காணாமல் போனவருக்கு இறப்புச் சான்றிதழ் வாங்க விரும்பாத குடும்பம், அவர் காணப்படவில்லை என்று மட்டும் சொல்கிற சான்றிதழை எடுக்கலாம் என்று 2016-இல் சட்டம் செய்தார்கள். இறப்புச் சான்றிதழை வாங்கினால் தானே பிள்ளையைக் கொன்றது போல என்று சொல்லும் தாய்மார் உண்டு.

டெலிமாக்கஸின் பேச்சை மட்டும் நான் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு அது கூடுதலாக உதவும். அம்மாவின் காத்திருப்பை ஊர் முழுக்கப் பார்க்கிறது, அந்த வீட்டில் வளர்கிற பிள்ளையை யாரும் கேட்பதில்லை. "நான் அவர் மகன் என்று அம்மா சொல்கிறா, எனக்குத் தெரியாது" என்று அவன் சொல்வதும் அதே காண்டத்தில்தானே?

ஏட்டுச்சுவடி:

ஆம், அதே காண்டம்தான். தன் பிறப்பை எவனும் தானாக அறிவதில்லை என்று முடிப்பான். அப்பாவை நேரில் அறியாத பிள்ளை இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் இடம் பழைய இலக்கியத்தில் அரிது.

செந்தில்77:

எல்லோரும் நல்ல காட்சிகளாகவே எடுக்கிறீர்கள். 22-ஆம் காண்டத்தை விட்டுவிட்டீர்கள். பெனலப்பியைக் கட்டிக்கொள்ள வந்தவர்களைக் கொன்று முடித்தபின், அவர்களோடு படுத்தார்கள் என்று 12 பணிப்பெண்களைக் கொல்லச் சொல்கிறான் ஒடிசியஸ். பிணங்களை அகற்றி, ரத்தத்தைக் கழுவ வைத்து, பிறகு கொல்கிறார்கள். வாளால் வேண்டாம், தூக்கில் போடுவோம் என்று முடிவு செய்வது டெலிமாக்கஸ். இருபது வருஷம் கழித்துக் கிடைத்த அப்பாவோடு மகன் சேர்ந்து செய்கிற முதல் வேலை கொலை. வீட்டில் அடி வாங்குகிற பெண் உட்கார்ந்திருக்கும் அறையில் இந்தக் காவியத்தை எப்படித் திறப்பீர்கள்? பிரச்சினையை ஆளிடமிருந்து பிரித்து வைப்பது என்கிறீர்கள். அடிக்கிறவனுக்கு அது நல்ல சாக்கு: நான் அடிக்கவில்லை, குடி அடித்தது, கோபம் அடித்தது.

கரைவலை:

செந்தில், அடி நடந்துகொண்டிருக்கும் வீட்டுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. அங்கே கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்கார வைத்து எந்தக் கதையும் வாசிக்கமாட்டேன். இதில் பேரமே இல்லை.

அந்த 12 பெண்களை மறைக்கவும் கூடாது. ஷே கூட ஒடிசியஸை உதாரண புருஷனாகக் காட்டவில்லை. 12 கப்பல்களோடு கிளம்பி, ஒரு ஆளையும் உயிரோடு கொண்டுவந்து சேர்க்காத தலைவன் என்று கடுமையாகவே எழுதுகிறார்.

சாக்கு என்ற விஷயத்துக்கு இலியட்டின் 19-ஆம் காண்டத்தைப் பாருங்கள். தன் படையின் சிறந்த வீரன் அக்கிலிஸை அவமானப்படுத்திய கிரேக்கத் தலைவன் அகமெம்னான் எழுந்து, குற்றம் என்னுடையது அல்ல, ஜீயஸும் விதியும் என் புத்தியை மயக்கிவிட்டார்கள் என்கிறான். கேட்கும்போது எரிச்சல் வரும். ஆனால் அதே மூச்சில், புத்தி மயங்கியவன் நான்தான், அதனால் ஈடு கொடுக்கிறேன் என்கிறான். முக்காலிகள் ஏழு, கொப்பரைகள் இருபது, குதிரைகள் பன்னிரண்டு, பொன் பத்துத் தாலந்து என்று சபை நடுவில் வைத்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியலில் பெண்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லியே வாசிக்க வேண்டும். எங்கிருந்தோ வந்து பிடித்தது என்று சொல்லலாம். ஆனால் சேதத்துக்குக் கணக்குத் தீர்க்க வேண்டியது நீதான் என்ற இரண்டும் அங்கே ஒன்றாக இருக்கிறது. குடியை நிறுத்திவிட்டு வரும் அப்பாக்களிடம் நான் கேட்கும் கேள்வி இங்கிருந்துதான் வருகிறது: "சரி, குடி செய்தது. எல்லோர் முன்னாலும் நீங்கள் என்ன திருப்பிக் கொடுக்கப்போகிறீர்கள்?"

நித்யா_மதுரை:

வளர்ந்த பையனும் அப்பாவும் பேசாமல் இருக்கும் வீடுகளுக்கு எது? எனக்கு இதுதான் அதிகம் வருகிறது. வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்த அப்பா, பத்தாம் வகுப்புப் பையன்.

ஏட்டுச்சுவடி:

அம்மா, இரண்டு சின்னக் காட்சிகள். இலியட் ஆறாம் காண்டத்தில் டிராய் இளவரசன் ஹெக்டர் போர்க்கவசத்தோடு தன் குழந்தையைத் தூக்கக் கை நீட்டுகிறான். வெண்கலத் தலைக்கவசமும் அதன்மேல் ஆடும் குதிரைமயிரும் கண்டு குழந்தை மிரண்டு தாதியின் மார்பில் ஒட்டிக்கொள்கிறது. ஹெக்டர் சிரித்துவிட்டுக் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்த பிறகுதான் தூக்குகிறான். நீங்கள் வீட்டுக்குள் வரும்போது எதைக் கழற்றாமல் வருகிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்கலாம்.

பையனுக்கு, ஒடிசியின் 21-ஆம் காண்டம். அப்பாவின் வில்லை டெலிமாக்கஸ் மூன்று முறை வளைக்கப் பார்க்கிறான். நான்காம் முறை முடித்தே இருப்பான். பிச்சைக்காரன் வேஷத்தில் நிற்கும் ஒடிசியஸ் வேண்டாம் என்று தலையசைக்கிறான், மகன் நிறுத்திக்கொண்டு, எனக்கு பலம் போதாது போல என்று சபையில் சொல்லிக்கொள்கிறான். திட்டத்துக்காக மகன் விட்டுக்கொடுத்தானா, தன்னை மிஞ்சுவதை அப்பா தடுத்தாரா? பதின்வயதுப் பையன்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். அப்பா அதைக் கேட்கட்டும்.

எழுத்தாளர் டேனியல் மெண்டல்சன் 2011-இல் அமெரிக்காவின் பார்ட் கல்லூரியில் ஒடிசி வகுப்பு எடுத்தபோது, 81 வயதான அவருடைய அப்பா மாணவர்களோடு வந்து உட்கார்ந்தார். ஒடிசியஸ் என்ன பெரிய வீரன், அழுகிறான், ஆட்களை இழக்கிறான், எல்லாம் தெய்வத் துணையால் நடக்கிறது என்று வகுப்பிலேயே வாதாடினார். அப்பாவும் மகனும் ஒரு வாழ்நாள் முழுக்கப் பேசாததை அந்த வாதம் பேச வைத்தது. அதை மெண்டல்சன் 2017-இல் புத்தகமாக எழுதினார். இருவரும் ஒரே கருத்துக்கு வரவேண்டியதில்லை, ஒரே பக்கத்தைப் படித்தால் போதும்.

வன்னிக்காற்று:

கரைவலை, ஒரு உதவி. டெலிமாக்கஸின் அந்தப் பேச்சை எளிய தமிழில் எழுதித் தர முடியுமா? பிள்ளைகளின் குழுவில் வாசிக்க வேண்டும். பாடம் போல இருக்கக்கூடாது.

கரைவலை:

கட்டாயம். வரிக்கு வரி இல்லை, கருத்து மாறாமல் எழுதியிருக்கிறேன்:

"தெய்வங்கள் வேறு விதமாக நினைத்துவிட்டார்கள். உலகத்தில் வேறு யாருக்கும் செய்யாதபடி அப்பாவைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டார்கள். அவர் டிராயில் தன் ஆட்களோடு நின்று செத்திருந்தால், அல்லது போர் முடிந்து நண்பர்கள் கையில் உயிர் விட்டிருந்தால், நான் இப்படி நொந்துபோகமாட்டேன். எல்லோரும் சேர்ந்து அவருக்குச் சமாதி கட்டியிருப்பார்கள். அவர் பேர் எனக்கும் மிஞ்சியிருக்கும். இப்போது புயல் தூக்கிக்கொண்டு போனது போலப் போய்விட்டார். பார்த்தவர் இல்லை, கேட்டவர் இல்லை. எனக்கு வலியை விட்டுவிட்டுப் போனார். அவருக்காக மட்டும் நான் அழவில்லை. வேறு கஷ்டங்களும் எனக்கு இருக்கின்றன."

கடைசி இரண்டு வாக்கியத்தில் நிறுத்துங்கள். "அந்த வேறு கஷ்டங்கள் என்னவாக இருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் டெலிமாக்கஸுக்கு என்று சொல்லட்டும், தனக்கு என்று சொல்ல வற்புறுத்த வேண்டாம். அப்பா திரும்பி வந்தாரா என்று யாராவது கேட்டால் பொய் சொல்லாதீர்கள். இந்தக் கதையில் வந்தார், இதே கதையில் அவரோடு போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை, அந்த வீடுகளைப் பற்றி ஹோமர் அதிகம் பாடவில்லை என்று சொல்லுங்கள். அந்த வீடுகளில் ஒன்றைப் பற்றிப் பிள்ளைகளே எழுத விரும்பினால், அடுத்த அமர்வுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம்.